இண்டிகேட்டர்: திருப்பங்காட்டி

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ உதிரிபாகக் கடைக்குப் போய், "முன்பக்க இண்டிகேட்டர் ஒண்ணு குடுங்கண்ணே" என்று கேட்டால் உடனே எடுத்துத் தர மாட்டார்கள். "முழு லைட்டா, பல்பு மட்டுமா?" என்பார்கள். பல்பு என்றால், "வெள்ளையா, ஆரஞ்சா?" என்று அடுத்த கேள்வி வரும். காரின் மூலையில் மின்னும் விளக்கு, அதற்குள் இருக்கும் பல்பு, ஸ்டியரிங் பக்கத்துத் தண்டு, டேஷ்போர்டில் துடிக்கும் பச்சை அம்பு எல்லாவற்றுக்கும் நாம் சொல்வது இந்த ஒரே சொல்லைத்தான்.

'சுட்டிக்காட்டு' என்று பொருள்படும் 'இண்டிகாரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது இது. இதன் உறவுச் சொல்லான 'இண்டெக்ஸ்' லத்தீனில் சுட்டுவிரலையும் குறிக்கும், ஆளைக் காட்டிக்கொடுப்பவனையும் குறிக்கும். தமிழில் அந்த விரல் ஆள்காட்டி விரல். மனிதத் தலை தெரிந்தாலே வயல் முழுக்கக் கேட்கும்படி கத்தும் ஆள்காட்டிக் குருவியை டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அமெரிக்கர்கள் இந்த விளக்கை 'டர்ன் சிக்னல்' என்பார்கள். இண்டிகேட்டர் பிரிட்டிஷ் வழக்கு. நமக்கு அங்கிருந்துதான் வந்தது. 1930, 40களின் பல பிரிட்டிஷ் கார்களில் மின்னும் விளக்குக்குப் பதிலாகக் கதவுத் தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும். பழைய ரயில் சிக்னலை நம்மவர்கள் 'கைகாட்டி மரம்' என்றது அப்படியே அந்தக் காருக்கும் பொருந்தும்.

சரி, இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? 'திசைகாட்டி' என்றால் காம்பஸ் நினைவுக்கு வருகிறது. 'சைகை விளக்கு' நாற்சந்தியில் நிற்கும் சிக்னலோடு குழம்பும். வேதியியல் பாடத்தில் இண்டிகேட்டரை 'நிறங்காட்டி' என்று படித்திருக்கிறோம். வழிகாட்டி, நாட்காட்டி, கைகாட்டி என்று 'காட்டி' குடும்பம் தமிழில் பெரியது. அந்த வழியில் 'திருப்பங்காட்டி' என்பதே சரியான சொல் என்பேன். திருப்பத்தைக் காட்டுவது என்று பொருளும் நேராக விழுகிறது. பல்புக்கு ஈழத்தமிழர் புழங்கும் 'மின்குமிழ்' இருக்கிறது. பல்பு என்பதன் கிரேக்க மூலத்துக்கு வெங்காயம் போன்ற கிழங்கு என்று பொருள். அதன் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். குமிழ் அதைவிட அழகு.

டெல்டாவில் ஆற்றங்கரையை ஒட்டியே ஓடும் சாலைகள் அதிகம். மதகருகே சட்டென்று திரும்ப வேண்டியிருக்கும். எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வரும். அந்த ஓட்டுநர் பார்ப்பது நம் முன்பக்கத் திருப்பங்காட்டியைத்தான். இது நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்ன வேண்டும் என்பது சர்வதேச விதி. ஒரு பக்கம் போடும்போது மட்டும் டிக்டிக் சத்தம் திடீரென்று வேகமானால், பெரும்பாலும் அந்தப் பக்கம் ஒரு மின்குமிழ் போயிருக்கும். எல்.இ.டி. மாற்றிய சில கார்களிலும் இந்த வேகம் வரும். அது இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால் பல்பு போய்விட்டதாகவே வண்டி எடுத்துக்கொள்ளும்.

மாற்றும் வேலை பல கார்களில் எளிது. சாவியை அணைத்துவிட்டு பானட்டைத் திறந்து, ஹெட்லைட்டின் பின்புறம் கையை விட்டு, ஹோல்டரை இடப்பக்கமாகக் கால்வாசிச் சுற்று திருப்பினால் கழன்று வரும். பல்பை லேசாக உள்ளே அழுத்தி அதே பக்கம் திருப்பி எடுக்க வேண்டும். சில கார்களில் சக்கரத்தின் உள்பக்க பிளாஸ்டிக் உறையைக் கழற்றினால்தான் கை நுழையும்.

கடைக்காரர் கேட்ட 'வெள்ளையா, ஆரஞ்சா' இங்கேதான் தேவைப்படும். விளக்கின் மேல்மூடி ஆரஞ்சு நிறமாக இருந்தால் வெள்ளைப் பல்பு. மூடி தெளிவாக இருந்தால் ஆரஞ்சுப் பல்பு. இப்படி அழுத்தித் திருப்பும் வகையில் இரண்டும் 12 வோல்ட், 21 வாட்தான். ஆனால் வெள்ளைப் பல்பில் இரு பக்கப் பின்களும் நேரெதிரே இருக்கும்; ஆரஞ்சில் சற்றுத் தள்ளியிருக்கும். அதனால் ஒன்றின் ஹோல்டரில் மற்றது உட்காராது. உட்காரவில்லை என்றால் பலத்தைக் காட்டாமல் பழைய பல்பைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள்.

புதியதை மாட்டும் முன் ஹோல்டருக்குள் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப் பிறகு உள்ளே பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். அதைச் சுரண்டாமல் போட்டால், நல்ல பல்பும் விட்டுவிட்டுத்தான் எரியும்.