மஃப்டியில் வந்து ‘ஊது’ என்றால்

“சார், நான் வண்டியே ஓட்டல சார். எடுத்துப் போடுன்னு சொன்னதே அவங்கதான்.”

குடித்துவிட்டு ஓட்டிய வழக்கோடு என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ‘ரெண்டே பீர்தான் சார்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதை நான் நம்புவதில்லை. இந்தப் பையன் சொன்னதை நம்பினேன். டாஸ்மாக் பார் வாசலில் நின்ற பைக்கில் உட்கார்ந்து, வந்து கூட்டிப் போகச் சொல்லி அண்ணனுக்கு போன் அடித்திருக்கிறான். டி-ஷர்ட் போட்ட ஒருவர் வந்து, “வழியில நிக்குது பாரு, கொஞ்சம் முன்னால தள்ளிப் போடுப்பா” என்றிருக்கிறார். ஸ்டார்ட் செய்து பத்தடி போனதும் அதே ஆள் சாவியைப் பிடுங்கிவிட்டார். கையில் ஊதும் கருவி.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 185-ஆவது பிரிவு, ஓட்டினாலும் ஓட்ட முயன்றாலும் குற்றம் என்கிறது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பத்தடியும் கணக்கில் வரும். ஆனால் ஊதச் சொல்லும் அதிகாரத்தை 203-ஆவது பிரிவு எந்தப் போலீஸ்காரருக்குக் கொடுக்கிறது? ‘சீருடையில் உள்ள’ அதிகாரிக்கு. கண்ணெதிரே நடந்த இந்தக் குற்றத்துக்காக வாரண்ட் இல்லாமல் கைது செய்ய அனுமதிக்கும் 202-இலும், லைசென்ஸைக் காட்டச் சொல்லும் 130-இலும் இதே வார்த்தைதான். இருட்டில் வண்டியை மறித்துச் சாவியைப் பிடுங்குகிறவன் போலீஸா வழிப்பறிக்காரனா என்று ஓட்டுகிறவனுக்கு எப்படித் தெரியும்?

பாருக்கு எதிரே மஃப்டியில் ஒருவர் நின்று, தள்ளாடியபடி வண்டியை எடுப்பவரைப் பார்த்து, அடுத்த முனையில் சீருடையில் நிற்பவருக்குத் தகவல் சொன்னால் அதில் தவறு சொல்ல மாட்டேன். சாலையில் போகிற என் பிள்ளைகளுக்கும் அது நல்லதுதான். வண்டியை எடுக்காமல் இருந்தவனை எடுக்க வைப்பது வேறு. ஏற்கெனவே குற்றத்தில் இறங்கியவனைப் பொறி வைத்துப் பிடிப்பது ஒன்று, சட்டத்தைக் காக்க வேண்டியவர்களே ஒருவனைத் தூண்டிவிட்டுச் சிக்க வைப்பது இன்னொன்று என்று உச்ச நீதிமன்றம் 1956-லேயே ராம்ஜனம் சிங் வழக்கில் கண்டித்திருக்கிறது.

அதற்காக ‘ஊத மாட்டேன்’ என்று முறுக்கிக்கொள்ளாதீர்கள். மறுத்தால், குடித்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் கைது செய்யலாம். மறுத்ததே வழக்கில் உங்களுக்கு எதிராகத் திரும்பும். மஃப்டி ஆள் நிறுத்தினால் ‘யூனிஃபார்ம்ல இருக்கிற சாரைக் கூப்பிடுங்க, ஊதுறேன்’ என்று மரியாதையாகக் கேளுங்கள். குழாய் புதிதா என்று பாருங்கள். கடைசி மடக்கு வாயில் இருக்கும்போதே ஊதினால் அளவு ஏறிக் காட்டும். கால் மணி நேரம் கழித்து இன்னொரு முறை ஊதக் கேளுங்கள். ரசீதில் நேரமும் அளவும் இருக்க வேண்டும். 202-இல் கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். இந்தக் குற்றத்துக்கு ஸ்பாட் ஃபைன் கிடையாது. கோர்ட்டுக்குத்தான் போயாக வேண்டும். ரோட்டிலேயே முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகாது.

பையனுடைய குற்றப்பத்திரிகையை வாங்கிப் படித்தேன். ‘ரோந்துப் பணியில் இருந்தபோது, மேற்படி நபர் வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்தார்.’ பத்தடி தூரத்தில் அதிவேகம்! பார் வாசல் இல்லை, டி-ஷர்ட் இல்லை, தள்ளிப் போடச் சொன்னதும் இல்லை. அண்ணனுக்குப் போன கால் பதிவை வைத்தும், டி-ஷர்ட்காரரைக் கூண்டில் ஏற்றியும் நடத்த வேண்டிய வழக்கு என்று சொன்னேன். ஒப்புக்கொண்டால் அது தண்டனையாகப் பதிவாகும், இன்னொரு முறை சிக்கினால் 2 வருடம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், இரண்டும்கூட வரலாம் என்பதையும் சொன்னேன்.

“எத்தனை வாய்தா சார் ஆகும்?”

ஆறேழு ஆகலாம் என்றேன். கம்பெனியில் ஒரு நாள் லீவுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். அடுத்த திங்கட்கிழமை கூண்டில் நின்று ‘ஒத்துக்கிறேன் அய்யா’ என்றான். 10,000 கட்டி ரசீது வாங்க இருபது நிமிடம் ஆனது.