‘டேக்’ (take) படிக்கும்போது பக்கத்துச் சொல்லையும் படியுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில், வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் நர்ஸ்களுக்கு ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். அவர்கள் எழுதும் ஓஇடி, அதாவது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் 2 உரையாடல்கள், ஒவ்வொன்றும் சுமார் 5 நிமிடம். எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ பேசுவார். நாம் நர்ஸாகவே பதில் சொல்ல வேண்டும்.

போன மாதம் அதற்குப் பயிற்சி. நான் நோயாளி, ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். “ஐ காண்ட் டேக் இட் எனிமோர், சிஸ்டர்” என்றேன். பாகூரிலிருந்து வரும் மாணவி, மாத்திரை வேண்டாம் என்றால் சிரப் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்கிறேன் என்று அக்கறையாக ஆங்கிலத்தில் சொன்னார்.

‘இனி என்னால் தாங்க முடியாது’ என்று நான் வலியைச் சொன்னேன். ‘இனி சாப்பிட முடியாது’ என்று அவர் மாத்திரையைப் புரிந்துகொண்டார். அவர் பேசியதில் ஓர் இலக்கணப் பிழைகூட இல்லை. நிஜ வார்டாக இருந்தால் அந்த நோயாளி வலியோடுதான் கிடந்திருப்பார்.

குறை அவருடையது அல்ல. ‘டேக் என்றால் எடு’ என்று ஒரே வரியில்தான் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்தோம். நம் ‘எடு’வையே பாருங்கள். தீபாவளிக்குத் துணி எடுக்கிறோம், பசி எடுக்கிறது, குழந்தை வாந்தி எடுக்கிறது, பெண் எடுத்த வீடு என்கிறோம். துணியா, பசியா, பெண்ணா என்று பக்கத்துச் சொல்லைப் பார்த்துத்தானே பொருள் கொள்கிறோம்? டேக்கும் அப்படித்தான். பஸ்ஸோடு வந்தால் பிடிப்பது, நேரத்தோடு வந்தால் ஆவது, மருந்தோடு வந்தால் சாப்பிடுவது. காபி கொடுக்கும்போது ‘டூ யூ டேக் ஷுகர்?’ என்றால், சர்க்கரை போடட்டுமா என்று கேட்கிறார்கள். நம் ஊரில் ஷுகர் என்றதும் நோய்தான் ஞாபகத்துக்கு வரும், அதனால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

பின்னால் ஒட்டும் சிறு சொற்களில் இன்னும் கவனம் வேண்டும். ‘ஷீ டேக்ஸ் ஆஃப்டர் ஹெர் மதர்’ என்றால் மகள் அம்மாவை உரித்து வைத்திருக்கிறாள் என்று பொருள். அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள் என்று சொல்ல ‘டேக்ஸ் கேர் ஆஃப்’ வேண்டும். இரண்டையும் குழப்பிக் குறிப்பில் எழுதினால், வீட்டில் கவனிக்க ஆள் இல்லாத நோயாளிக்கு ஆள் இருப்பதாகப் பதிவாகிவிடும்.

நோட்டில் தனிச் சொல்லாக எழுதாதீர்கள், முழு வாக்கியமாக எழுதுங்கள். சந்தேகம் வந்தால் எதிரில் இருப்பவரையே கேளுங்கள், தேர்விலும் கேட்கலாம். அடுத்த வாரம் அதே வாக்கியத்தை அந்த மாணவியிடம் மறுபடி சொன்னேன். “இஸ் இட் தி பெயின்?” என்று முதலில் கேட்டார். அப்புறம், 0 முதல் 10 வரை வலி எவ்வளவு என்று கேட்டார்.