போட் எஞ்சின் இழுக்கலையா? பம்ப்ப கழட்டுறதுக்கு முன்னாடி டேங்க்க பாருங்க

கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) பக்கம் போட் டீசல் எஞ்சின் ரிப்பேர் வேலை பாக்குறேன். வர்றதெல்லாம் பெரும்பாலும் விசைப்படகும் ஃபைபர் போட்டும்தான், பாய்மரப் படகு எப்பயாவது ஒண்ணு. போன வருஷம் புதுச்சேரி தேங்காய்த்திட்டுல நின்ன ஒரு பாய்மரப் படகு எஞ்சின பாக்க கூப்ட்டாங்க, அங்க பாத்தத எல்லா போட்காரங்களும் தெரிஞ்சுக்கணும்னுதான் இத எழுதுறேன்.

மூணு சிலிண்டர் எஞ்சின், 30 ஹெச்பிக்குள்ள. ஓனர் பெரியவர், அவர் சொன்னது இதுதான்: "ஒரே அடில ஸ்டார்ட் ஆவுது தம்பி, இருபது நிமிஷம் நல்லா இழுக்குது, அப்புறம் ஆர்பிஎம் தானா எறங்குது, த்ராட்டில் எவ்ளோ தள்ளுனாலும் ஏறல, கடைசில நின்னுடுது. அரை மணி நேரம் கழிச்சு போட்டா மறுபடி ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது." அதுக்கு முன்னாடியே வேற எடத்துல ரெண்டு தடவ ஃபில்டர் மாத்தி, டீசல் பம்ப்ப கழட்டி காலிபரேஷன் பண்ணி, சிலிண்டருக்குள்ள டீசல தெளிக்கிற நாசில் மூணும் புதுசு போட்டு, அம்பதாயிரம் கிட்ட செலவு பண்ணிட்டார், கம்ப்ளெய்ன்ட் அப்டியே இருக்கு.

பவர் எறங்கும்போது புகை என்ன கலர்லண்ணேன்னு கேட்டேன். புகையே இல்லன்னார்.

அந்த ஒரு பதில்லயே பாதி வேலை முடிஞ்சிரும். பவரும் இல்ல, கறும்புகையும் இல்லன்னா எஞ்சினுக்கு டீசல் பத்தலன்னு மொதல்ல சந்தேகப்படணும். ரிப்பேரான பம்ப்பு ஓடுற நேரத்துக்கு ஏத்த மாதிரி கெட்டுப்போயி, அரை மணி ரெஸ்ட் குடுத்தா சரியாகாது. டேங்க்லேர்ந்து டீசல் உறிய உறிய அந்த எடத்துக்கு காத்து உள்ள வரணும், வரலன்னா டேங்க்குள்ள வேக்குவம் ஏறி டேங்க்லேர்ந்து டீசல இழுக்குற ஃபீட் பம்ப்பு இழுக்க முடியாம போயிடும், எஞ்சின நிறுத்திட்டா எங்கயோ கசிஞ்சு மெதுவா காத்து போய் சமமாகி திரும்ப ஓடும். ஜெட்டில கட்டி வச்சே கியர் போட்டு ஓட்டுனோம், ஆர்பிஎம் எறங்க ஆரம்பிச்சதும் டீசல் ஊத்துற மூடிய தொறந்தேன், உஸ்ஸுன்னு காத்து உள்ள போச்சு, கொஞ்ச நேரத்துல எஞ்சின் எழுந்துச்சு. டேங்க்குக்கு காத்து போற வென்ட்டு பைப்போட வாய படகு ஓரத்துல தேடிப் பாத்தா உள்ள குளவி மண்ணு வச்சு கூடு கட்டியிருக்கு. கம்பி விட்டு எடுத்து சுத்தம் பண்ணி, குளவி நுழையாத மாதிரி சின்ன வலைத்துண்டு கட்டிவிட்டேன், அன்னிக்கு ரெண்டு மணி நேரம் நிக்காம ஓடுச்சு.

வென்ட்டும் சரியா இருந்தா அடுத்து நான் பண்றது, சுத்தமான கேன்ல அஞ்சு லிட்டர் டீசல் ஊத்தி எஞ்சினுக்கு மேல வச்சு அதுலேர்ந்து ஓட்டிப் பாக்குறது. எஞ்சின்ல மிச்சமான டீசல் திரும்பி வர்ற ரிட்டர்ன் ஹோஸையும் அந்த கேன்லயே விடணும், நெறைய பேர் இத மறந்துடுறாங்க. கேன்ல ஓடுனா கோளாறு டேங்க்லயோ ஹோஸ்லயோ ஃபில்டர்லயோ, எஞ்சின்ல கை வைக்கவே வேணாம். டேங்க்குள்ள எறங்குற பைப்போட அடியில சின்ன சல்லடை இருக்கும், அத யாரும் கழட்டிப் பாக்க மாட்டாங்க, அதுல வழவழன்னு கறுப்பா பாசி மாதிரி அடைச்சிருக்கும்.

நம்ம ஊர் ஈரக்காத்துல பாதி டேங்க்கோட போட்ட நிறுத்தி வச்சா உள்ள தண்ணி வேர்த்து அடியில தங்கிடும், தண்ணியும் டீசலும் சேர்ற எடத்துலதான் அந்த கசடு வளருது. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சதும் மொத வாரத்துல எனக்கு வர்ற போன்ல பாதி இதுக்குத்தான். நிறுத்துறப்ப டேங்க்க ரொப்பி வைங்க, எடுக்குறப்ப டீசல்லேர்ந்து தண்ணிய பிரிக்கிற வாட்டர் செப்பரேட்டர் கப்புல அடியில தேங்குன தண்ணிய எறக்குங்க.

இந்த கசடு கரையோரம் அமைதியான தண்ணில பெரும்பாலும் அடியிலயே கெடக்கும். முகத்துவாரத்துல மணல் மேடேறி அலை உடையுற எடத்துல படகு குலுங்கும்போதுதான் கலங்கி மேல வந்து ஃபில்டர அடைக்கும், பவர் இருந்தே ஆகணும்ங்கற அந்த நிமிஷத்துலதான் எஞ்சின் கைவிடும். அதனால முகத்துவாரம் தாண்டுறதுக்கு முன்னாடி ஜெட்டில கட்டுனபடியே இருபது நிமிஷம் கியர்ல லோடு குடுத்து ஓட்டிப் பாருங்க, நங்கூரத்த உடனே எறக்குற மாதிரி வைங்க, பாய்மரமா இருந்தா பாயையும் ஏத்த ரெடியா வச்சுக்கங்க.

கறும்புகை தள்ளிட்டு பவர் இல்லன்னா அது வேற கதை. டீசல் வருது, எரிய காத்து பத்தல, இல்ல லோடு ஜாஸ்தி. ஏர் ஃபில்டர், ப்ரொப்பெல்லர்ல ஒட்டுன சிப்பி, சுத்துன வலைத்துண்டு இதெல்லாம் பாருங்க. பாய்மரப் படகுல கூடுதலா ஒண்ணு, பேட்டரி சார்ஜ் பண்ண லோடே இல்லாம மணிக்கணக்கா ஐட்லிங்ல விடுவாங்க, அதுல புகையும் கடல் தண்ணியும் கலக்குற எல்போவுல கரி அடைச்சுக்கும், பென்சில் நுழையற அளவு ஓட்டைதான் மிச்சம் இருந்தத நானே பாத்திருக்கேன்.

ஃபில்டரோ ஹோஸோ கழட்டி மாட்டுனதும் டீசல் லைன்ல புகுந்த காத்த வெளியேத்துறததான் ஏர் எடுக்குறதுன்னு சொல்வோம், அத பண்ணும்போது ரெண்டு விஷயத்துல ஜாக்கிரதை. எஞ்சின் புடிக்காம செல்ஃப் அடிச்சுக்கிட்டே இருந்தா கூலிங் தண்ணி சைலன்சர்ல ரொம்பி திரும்ப சிலிண்டருக்குள்ள ஏறிடும், எஞ்சினே போயிடும். அதனால கடல் தண்ணி வால்வ மூடிட்டு அடிங்க, புடிச்ச ஒடனே தொறந்துடுங்க, இல்லன்னா கடல் தண்ணி பம்ப்புக்குள்ள சுத்துற இம்பெல்லர் ரப்பர் கருகிடும். நாசில் பைப்பு லீக்க விரல வச்சு தேடவே தேடாதீங்க, 100 பார் (bar) அளவுக்கு மேல ப்ரஷர்ல வர்ற டீசல் தோல ஊசி மாதிரி துளைச்சு உள்ள போயிடும், அப்டி ஆனா வலி இல்லன்னு விட்றாம நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க.