டீசல் ஒழுகவில்லை என்பதற்காக லைன் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்

மறுபடியும் அதே கதை. உசிலம்பட்டிப் பக்கத்துப் பிக்கப், தேங்காய் லோடு அடிக்கிற வண்டி. காலியாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. லோடு ஏற்றி ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போதுதான் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் திக்கித் திக்கி, செக் இன்ஜின் லைட் எரிந்து, அப்புறம் இழுவையே இருக்காது. வேறொரு இடத்தில் ஸ்கேனர் போட்டதில் ரயில் பிரஷர் குறைவு என்று வந்திருக்கிறது. ரயில் என்றால் எல்லா இன்ஜெக்டருக்கும் டீசலை அழுத்தத்தோடு வைத்துக் கொடுக்கும் பொதுக் குழாய். உடனே ஹை பிரஷர் பம்ப் போச்சு என்று சொல்லிக் கழற்றியிருக்கிறார்கள். பம்ப் மாற்றியும் சரியாகவில்லை என்றதும், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டரும் மாற்றியாயிற்று. வட்டிக்கு வாங்கிக் கொடுத்த பணம் அது. கடைசியில் கோளாறு எங்கே இருந்தது தெரியுமா? டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் ரப்பர் ஹோஸில், கிளிப்புக்கு அடியில், மடக்கிப் பார்த்தால் மட்டுமே வாய் திறக்கிற ஒரு சின்ன வெடிப்பு.

கோபம் வருகிறது. ஏனென்றால் இது அபூர்வமான கோளாறு இல்லை, அடிக்கடி வருவது.

ரயில் பிரஷர் குறைவு என்று ஸ்கேனர் சொன்னால், குறைந்திருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். ஏன் குறைந்தது என்று அதற்குத் தெரியாது. பம்ப் தேய்ந்திருக்கலாம், இன்ஜெக்டர் ரிட்டர்னில் டீசல் அதிகமாகத் திரும்பிப் போகலாம், பிரஷர் வால்வு கசியலாம், சென்சாரே தப்பாகச் சொல்லலாம். இல்லை, பம்புக்கு டீசலே போதுமான அளவு வராமல் இருக்கலாம். வராத டீசலைப் பம்ப் எப்படி அழுத்தும்? இதில் கடைசியாகச் சொன்னதைப் பார்க்கத்தான் செலவு குறைவு, அதைத்தான் யாரும் முதலில் பார்ப்பதில்லை.

ஹோஸைப் பார்த்தீர்களா என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: “அண்ணே, ஒரு சொட்டுகூட ஒழுகலையே, லைன்ல என்ன கோளாறு இருக்கப்போகுது?” ஓனரும் சொல்கிறார், டிரைவரும் சொல்கிறார், ஏன், மெக்கானிக்கே சொல்கிறார். இதைப் பொறுமையாகக் கேளுங்கள். பல பிக்கப்களில் டேங்குக்குள் பம்ப் கிடையாது. இன்ஜின் பக்கம் இருக்கிற பம்ப்தான் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி இழுக்கிறது. அதனால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் லைனுக்குள் இருப்பது உறிஞ்சல், தள்ளும் அழுத்தம் இல்லை. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடித்துப் பாருங்கள், இளநீர் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே வரும். இங்கேயும் அதேதான். ஹோஸ் வெடித்திருந்தாலும், ஃபில்டர் மேலிருக்கும் கைப்பம்பு சரியாக மூடாவிட்டாலும், ஃபில்டர் வாஷர் பழசாகவே போட்டிருந்தாலும், வெளியே ஈரம்கூடத் தெரியாமல் காற்று எடுக்கும். ஐடிலில், அதாவது மிதிக்காமல் சும்மா ஓடும்போது, கொஞ்சம் டீசல் போதும், சமாளித்துவிடும். மேட்டில் லோடோடு மிதிக்கும்போது நிறைய டீசல் வேண்டும், உறிஞ்சலும் கூடும், காற்றும் கூடும். அங்கேதான் திக்கும். காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்பட்டால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனர்கூட வேண்டாம். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு முழ நீளத்துக்கு, டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் டியூபை மாட்டி இன்ஜினை ஓட விடுங்கள். நல்ல லைனில் டீசல் இடைவெளி இல்லாமல், அசைவே தெரியாமல் போகும். காற்று எடுத்தால் கடுகு கடுகாகக் குமிழ் ஓடும். ரேஸ் கொடுக்கும்போது குமிழ்கள் சேர்ந்து நீளமாக வரும். குமிழ் வந்தால் ஒரு கேனில் சுத்தமான டீசல் வைத்து, புது ஹோஸ் போட்டு ஃபில்டருக்குக் கொடுங்கள். குமிழ் நின்றால் கோளாறு கேனுக்குப் பின்னால், அதாவது பழைய லைனிலும் டேங்கிலும். நிற்காவிட்டால் ஃபில்டரைச் சுற்றிப் பாருங்கள். அரை மணி நேரம் நன்றாக ஓடி அப்புறம் இழுவை குறைகிற வண்டியா? நிறுத்தி டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய், அப்புறம் வண்டி நன்றாக ஓடினால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது.

கரும்புகை தள்ளிக்கொண்டு இழுக்காத வண்டி வேறு சங்கதி. டீசல் போதாமல் போனால் கரும்புகை வராது, காற்று போதவில்லை என்றால்தான் வரும். இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் டர்போ ஹோஸ், இன்டர்கூலர் இணைப்பு, புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி விடும் ஈஜிஆர் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறதா, இவற்றைப் பாருங்கள். இந்தக் காற்று ஹோஸில் எண்ணெய்ப் பிசுக்கு ஒரே இடத்தில் படிந்திருந்தால் அங்கே கை வைத்துத் தடவுங்கள். மேலூர் குவாரிப் பக்கம் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரை புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டர் வரை விட்டுவைக்காதீர்கள், அந்தத் தூசி பொறுக்காது. ஆர்பிஎம் ஏறுகிறது, வண்டி மட்டும் ஏறவில்லை என்றால் அது கிளட்ச், இன்ஜினைத் தொடவே வேண்டாம்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி வைத்திருப்பவர்களுக்கு: மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கும் கடைகளுக்கும் மட்டுமே ஓடினால் புகைக் கரியைப் பிடிக்கும் சைலன்சர் ஃபில்டரில் கரி எரியாமல் சேர்ந்து இழுவை குறையும். அந்த ஃபில்டருக்கான லைட் எரிந்தால் புத்தகத்தில் சொன்னபடி நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். ஃபில்டரை வெட்டி எறியச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், அது சட்டப்படியும் தப்பு.

தம்பிகளே, மெக்கானிக் தம்பிகளே, உங்களிடம் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். பழைய பம்ப் வண்டியில் பழகிய கையோடு, காமன் ரயில் இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தாதீர்கள். மேட்டில் மிதிக்கும்போது அந்த பைப்பில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் இருக்கும், ஐடிலிலேயே இருநூறைத் தாண்டும். அந்த பைப்பைக் கையால் தடவிக் கசிவு தேடவும் கூடாது, டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் பெரிதாக வலிக்காமலும் இருக்கலாம். அப்படி ஆனால் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடராமல் அப்போதே பெரியாஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் டீசல் உள்ளே போயிருக்கிறது என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். தாமதித்தால் விரலே போகும்.

ஓனர்களே, பம்பைக் கழற்றச் சம்மதிக்கும் முன் லைனில் காற்று பார்த்தாயா, நாலு இன்ஜெக்டர் ரிட்டர்னும் பாட்டில் கட்டி அளந்தாயா என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள். இன்ஜெக்டர் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அதன் மேலிருக்கிற கோட் எண்ணை வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டிய இன்ஜினா, ஏற்றினார்களா என்று விசாரியுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை விடும்போது டிரைவரையும் கூட அனுப்புங்கள். எந்த கியரில், எவ்வளவு லோடில், எத்தனை கிலோமீட்டர் ஓடிய பிறகு திக்குகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.