உலர் கண்: சொட்டு மருந்தை மாற்றும் முன் இமையைக் கவனியுங்கள்

கண் உறுத்துகிறது, எரிகிறது, மண் விழுந்த மாதிரி இருக்கிறது என்று வருகிறவர்களில் பலர் கையோடு மூன்று நான்கு சொட்டு மருந்து பாட்டில்களையும் கொண்டு வருவார்கள். ஒன்று டாக்டர் எழுதியது, ஒன்று மெடிக்கலில் கேட்டு வாங்கியது, இன்னொன்று பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது. எல்லாமே பாதி பாதி. "போட்டா அஞ்சு நிமிஷம் நல்லா இருக்கு, அப்புறம் பழையபடிதான்" என்பதுதான் பொதுவான புகார். போட்ட மருந்து அவ்வளவு சீக்கிரம் காய்ந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் இமை விளிம்பில் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எந்த பாட்டிலை மாற்றினாலும் கதை அதேதான்.

கண்ணின் மேல் பரவியிருக்கும் கண்ணீர்ப் படலத்தில் தண்ணீர் மட்டும் இல்லை. கருவிழியோடு ஒட்டிக்கொள்ள உதவும் சளிப்பொருள் அடியில் இருக்கிறது. அதற்கு மேல் கண்ணீர்ச் சுரப்பி தரும் நீர். அந்த நீர் ஆவியாகாமல் மூடிக் காக்கும் மெல்லிய எண்ணெய் எல்லாவற்றுக்கும் மேலே. இந்த எண்ணெயைத் தருபவை மெய்போமியன் சுரப்பிகள். 1666-இல் இவற்றை விவரித்த ஹைன்ரிஷ் மைபோம் என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரால் அழைக்கப்படுகின்றன. மேல் இமையில் 25 முதல் 40 வரை, கீழ் இமையில் 20 முதல் 30 வரை இருக்கும். இமை முடிகளுக்குச் சற்று உள்ளே, விளிம்பில் வரிசையாக இவற்றின் வாய்கள் திறக்கின்றன. முழுதாகக் கண் சிமிட்டும் ஒவ்வொரு முறையும் துளி எண்ணெய் பிதுங்கிப் படலத்தின் மேல் பரவும்.

ஸ்லிட் லேம்ப் என்ற, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் இமை விளிம்பை விரலால் மெல்ல அழுத்திப் பார்க்கும்போது, நல்ல சுரப்பியிலிருந்து தெளிவான எண்ணெய் தானாக வரும். கெட ஆரம்பித்த சுரப்பியில் அது மஞ்சளாகக் கலங்கி வரும். இன்னும் முற்றினால் தடித்த வெண்பசையாக, நெளிந்து நெளிந்து வரும். அல்லது எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றுமே வராது. மார்கழிக் குளிரில் நெய் உறைவதுபோலத்தான் உள்ளே எண்ணெய் உறைந்து வாயை அடைக்கிறது. வருடக்கணக்கில் அடைபட்டே இருந்தால் சுரப்பி சுருங்கி மறைந்துவிடும். மறைந்த சுரப்பியை மீட்பது மிகக் கடினம் என்பதால்தான், இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

"எனக்குக் கண்ணீர் தாரை தாரையா வழியுது, நீங்க உலர்ந்திருக்குன்னு சொல்றீங்களே" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எண்ணெய் இல்லாத படலம் சில விநாடிகளில் கிழிந்து கருவிழியின் நரம்புகள் காற்றில் படுகின்றன. உடனே மூளை அவசரக் கண்ணீரை வரவழைக்கிறது. அது வெறும் நீராக வந்து கன்னத்தில் வழிந்துவிடும், கண்ணில் தங்காது. வண்டி ஓட்டும்போதும் டிவி பார்க்கும்போதும் நீர் வழிவது இதனால்தான்.

உலர் கண்ணில் இரண்டு வகை உண்டு. கண்ணீர் சீக்கிரம் ஆவியாவது ஒன்று. சுரப்பதே குறைவது இன்னொன்று. முதல் வகையே அதிகம், பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். ஃப்ளோரசீன் என்ற ஆரஞ்சுச் சாயத்தைக் கண்ணில் தொட்டு, சிமிட்டாமல் இருக்கச் சொல்லி, படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்று எண்ணுவார்கள். 10 விநாடிக்குள் உடைந்தால் குறைபாடு, 5-க்குள் உடைந்தால் கடுமை. சுரப்பின் அளவைப் பார்ப்பது ஷிர்மர் சோதனை. 5 மி.மீ. அகலமுள்ள வடிதாள் பட்டையைக் கீழ் இமைக்குள் மடித்து வைத்து, 5 நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று அளப்பார்கள். 5 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக நனைந்து, வாயும் வறண்டு, மூட்டு வலியும் இருந்தால் ஷோக்ரன் நோயைச் சந்தேகிக்க வேண்டும். இந்த நோய் உள்ளவர்கள், சாதம் சாப்பிடும்போதுகூட நடுநடுவே தண்ணீர் குடித்தால்தான் இறங்குகிறது என்பார்கள். உடலின் எதிர்ப்பு சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் இந்த நோய் பெண்களிடமே மிக அதிகம். இதற்கு ரத்தப் பரிசோதனையும் மூட்டு நோய் மருத்துவரின் கவனிப்பும் வேண்டும்.

ஒத்தடம்: எங்கே தவறுகிறது

வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒரு மாதம் கழித்து வந்து "பிரயோஜனம் இல்லை" என்பார்கள். விசாரித்தால், கைக்குட்டையை வெந்நீரில் நனைத்து ஒரு நிமிடம் வைத்துவிட்டு எடுத்திருப்பார்கள். உறைந்த எண்ணெய் இளக வேண்டுமானால் இமை சுமார் 40 டிகிரி செல்சியஸ் சூட்டில் 5 முதல் 10 நிமிடம் தொடர்ந்து இருக்க வேண்டும். ஈரத்துணியின் சூடு இரண்டு நிமிடத்திலேயே இறங்கிவிடுகிறது. ஆகவே ஒரு பிளாஸ்க்கில் வெந்நீரும் இரண்டு சுத்தமான டர்க்கி துண்டுகளும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கண் மேல் இருக்கும்போது அடுத்ததை நனைத்துப் பிழிந்து தயாராக வையுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து, சுடாமல் இதமாக இருந்தால் மட்டும் கண்ணில் வையுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கும் கண் மாஸ்க் வாங்கினால் சூடு சீராக நிற்கும். எதுவானாலும் கண்விழியை அழுத்தாமல் மேலே கிடக்க விடுங்கள்.

ஒத்தடம் முடிந்த கையோடு, சூடு ஆறுவதற்குள், இமையை நீவிவிட வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். இளகிய எண்ணெய் வெளியே வராமல் உள்ளேயே மறுபடி உறைந்துவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு, சுத்தமான விரல் நுனியால் மேல் இமையைப் புருவப் பக்கத்திலிருந்து இமை முடி நோக்கிக் கீழாகவும், கீழ் இமையைக் கன்னத்திலிருந்து மேலாகவும் நீவுங்கள். மூக்கோரத்தில் தொடங்கி வெளி ஓரம் வரை நகர்ந்து, ஒவ்வொரு இமைக்கும் ஐந்தாறு தடவை. கண்ணைக் கசக்குவது வேறு, இது வேறு. கசக்கினால் கருவிழியின் வடிவமே கெடலாம். பிறகு கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சாலோ, இமைக்கென்று விற்கும் துடைப்பானாலோ முடிகளின் வேர்ப்பகுதியில் ஒட்டியிருக்கும் செதிலைத் துடைத்து எடுங்கள். முடியைச் சுற்றிக் குழல்போல் வெண்செதில் இருந்தால் அது டெமோடெக்ஸ் என்ற நுண்பேனின் வேலையாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

காலை, இரவு என ஒரு மாதமாவது விடாமல் செய்தால்தான் வித்தியாசம் தெரியும். அதன்பின் தினம் ஒரு வேளை போதும். ஆனால் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அடைப்பு திரும்பி வரும்.

கண் சிமிட்டுவதும் மருந்துதான். பேசிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்கு 15 முறைக்கு மேல் சிமிட்டுகிறோம். கம்ப்யூட்டர், போன் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போகிறது. அதிலும் பல அரைச் சிமிட்டல்கள், இமைகள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கண்ணை மெதுவாக மூடி இரண்டு விநாடி வைத்துத் திறந்து, மறுபடி மூடிச் சற்று இறுக்கி இரண்டு விநாடி வைத்துத் திறங்கள்; ஐந்து முறை போதும். திரையைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். பார்வை தாழ்ந்தால் இமை பாதி மூடி, காற்றில் காயும் பரப்பு குறைகிறது. ஏசி காற்று நேராக முகத்தில் படும் இருக்கையை மாற்றிக்கொள்ளுங்கள். காரில் ஏசியின் வாயைக் கீழே திருப்பிவிடுங்கள். டூவீலரில் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டுங்கள்.

காலையில் எழுந்தவுடன் கண் திறக்கவே வலிக்கிறதா, மாலையில்தான் எரிச்சல் ஏறுகிறதா என்று கவனியுங்கள். மாலையில் ஏறுவது பெரும்பாலும் சுரப்புக் குறைவாலும் திரையாலும். காலையில் மோசமாக இருந்தால் இமை அழற்சி இருக்கலாம், அல்லது தூக்கத்தில் இமை முழுதாக மூடாமல் இருக்கலாம். நீங்கள் தூங்கும்போது கண் லேசாகத் திறந்திருக்கிறதா என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். திறந்திருந்தால் நேர் மேலே சுழலும் ஃபேனுக்கு அடியில் படுக்காமல், இரவில் கெட்டியான ஜெல் அல்லது களிம்பு போட வேண்டும்.

சொட்டு மருந்து

கார்பாக்ஸிமீதைல் செல்லுலோஸ் 0.5%, சோடியம் ஹையலுரோனேட் 0.1% போன்றவை செயற்கைக் கண்ணீர் மருந்துகள். பெயரைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, பிரிசர்வேட்டிவாக, அதாவது மருந்து கெடாமல் இருக்க, என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது. லேபிளில் பென்சல்கோனியம் குளோரைடு என்று இருந்தால், அதை அடிக்கடி போடும்போது அதுவே கருவிழியின் மேல்தோலை அரிக்கும். ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் தேவைப்படுகிறவர்கள் பிரிசர்வேட்டிவ் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். கிளாகோமா என்ற கண் அழுத்த நோய்க்கு வருடக்கணக்கில் மருந்து போடுகிறவர்களுக்கும் இதே பிரச்சினை வரும்; அவர்கள் தாமாக நிறுத்திவிடாமல், மாற்று உண்டா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

கீழ் இமையை இழுத்து, உண்டாகும் பள்ளத்தில் ஒரே சொட்டு. பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டையே கண் முழுதாகத் தாங்காது. இரண்டாவது சொட்டு முதலாவதையும் அடித்துக்கொண்டு வெளியே போகும். போட்டபின் ஒரு நிமிடம் கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். வேறு மருந்து இருந்தால் ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள், களிம்பு கடைசியில். எரியும்போது மட்டும் போடாமல், டாக்டர் சொன்ன நேரப்படி போடுங்கள்.

பாட்டிலின் நுனி கண்ணிலோ விரலிலோ படக் கூடாது. திறந்த தேதியை பாட்டில் மேலேயே எழுதி, லேபிள் வேறு சொன்னாலொழிய நான்கு வாரத்தில் தூக்கிப் போடுங்கள். ஒருவர் போடும் மருந்தை இன்னொருவர் போட வேண்டாம். 2023-இல் அமெரிக்காவில் மருந்துக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் தொற்றை ஆராய்ந்தபோது, அது செயற்கைக் கண்ணீர் மருந்தோடு தொடர்புடையது என்று தெரிந்தது. பாதிக்கப்பட்ட 81 பேரில் நால்வர் இறந்தார்கள், 14 பேருக்குப் பார்வை போனது. அந்த மருந்து தமிழ்நாட்டில் தயாரானது. பிரிசர்வேட்டிவ் இல்லாத, ஆனால் பல நாள் பயன்படுத்தும் பாட்டிலில் வந்தது. பிரிசர்வேட்டிவ் இல்லாததை வாங்கும்போது ஒருமுறை போட்டு எறியும் சிறு குப்பி, அல்லது கிருமி உள்ளே போகாத வடிகட்டி மூக்குள்ள பாட்டில் என்று பார்த்து வாங்குங்கள்.

மெடிக்கலில் "கண் சிவப்புக்கு" என்று கேட்டால் பல நேரம் கைக்கு வருவது ஸ்டீராய்டு கலந்த ஆன்டிபயாட்டிக் சொட்டு. டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசலோன், ஃப்ளோரோமெத்தலோன் என்ற பெயர்கள் இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் போடாதீர்கள். இரண்டே நாளில் கண் பளிச்சென்று ஆகும். அதனாலேயே விட மனம் வராது. மாதக்கணக்கில் போட்டவர்களுக்குக் கண் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறி கிளாகோமா வந்து, இழந்த பார்வை திரும்பாமலே போயிருக்கிறது. தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். உலர்ந்த கருவிழியின் மேல்தோலில் ஏற்கெனவே நுண்ணிய புண்கள் இருக்கும். அதில் கிருமியோ பூஞ்சையோ இறங்கினால் கருவிழியே புண்ணாகிவிடும்.

மீன் எண்ணெய் மாத்திரை பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். தினம் 3,000 மி.கி. ஒமேகா-3 கொடுத்து ஒரு வருடம் பார்த்து, 2018-இல் வெளியான பெரிய ஆய்வில், ஆலிவ் எண்ணெய் மாத்திரை எடுத்தவர்களைவிட அவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல சொட்டு மருந்து வாங்கலாம்.

இவ்வளவுக்கும் அடங்காதபோது சைக்ளோஸ்போரின் 0.05% போன்ற, அழற்சியை அடக்கும் சொட்டுகள் உண்டு. முதல் சில வாரம் எரியும். பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம். இரண்டாவது வாரத்தில் "ஒத்துக்கல" என்று நிறுத்துகிறவர்கள் ஏராளம். தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். சுரப்பு மிகக் குறைந்தவர்களுக்குக் கண்ணீர் வடியும் துளையைச் சிறு பிளக் வைத்து அடைப்பார்கள். கடுமையானவர்களுக்கு அவர்களின் ரத்தத்திலிருந்தே சீரம் பிரித்துச் சொட்டாகத் தருவதும் உண்டு.

கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தால், உலர்வைச் சரிசெய்த பிறகே லென்ஸ் பவருக்கான அளவு எடுக்கச் சொல்லுங்கள். படலம் உடைந்த கண்ணில் எடுக்கும் அளவு பிசகும். கண்ணாடியைத் தவிர்க்கச் செய்துகொள்ளும் லேசர் சிகிச்சை கருவிழியின் நரம்பிழைகளை வெட்டுவதால், ஏற்கெனவே உலர் கண் உள்ளவர்கள் அதைச் சொல்லாமல் செய்துகொள்ளக் கூடாது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெளியே பார்த்தால் கண் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் படிக்கப் படிக்க எழுத்து மங்குவதும், இரவு வண்டி விளக்கு சிதறித் தெரிவதும், சாயங்காலம் யாரோடும் பேசத் தோன்றாத எரிச்சலும் உண்மை. சிலருக்குச் சோதனையில் குறை அதிகம் தெரியாமலே வலி கடுமையாக இருக்கும். அது நரம்பு சார்ந்த வலி, அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. "ஒண்ணுமில்ல, போனைப் பாக்காத" என்று அவர்களைத் தள்ளிவிடாதீர்கள்.

சிமிட்டினாலும் தெளியாத மங்கல், வெளிச்சம் பார்க்க முடியாத வலி, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, சீழ், ஒரு கண்ணில் மட்டும் திடீர்ச் சிவப்பு: இவற்றில் எது வந்தாலும் அன்றே கண் மருத்துவமனைக்குப் போங்கள். காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிட்டுப் போங்கள். குழந்தைக்குக் கண் உலர்ந்து, மாலை மங்கலில் தடுமாறினால் வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம், தாமதிக்காதீர்கள்.

வழக்கமான பரிசோதனைக்குப் போகும்போது மை தீட்டாமல் போங்கள். இரண்டு மணி நேரம் முன்பிருந்து செயற்கைக் கண்ணீர் போட வேண்டாம். நிறுத்திவிட்ட பாட்டில்கள் உட்பட எல்லாவற்றையும் கொண்டு போங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டும் வேண்டும். அலர்ஜிக்கான செட்ரிசின், மன அழுத்தத்துக்கான அமிட்ரிப்டிலின், முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயின் போன்றவை கண்ணை உலர்த்தும். சர்க்கரை, தைராய்டு இருந்தால் அதையும், மாதவிடாய் நின்றிருந்தால் அதையும் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.