சுளுக்கு: அறுந்தது நரம்பா, நாரா?

மண் களத்தில் கபடி. எதிரணிப் பக்கம் ரெய்டு போனவரின் கணுக்காலை, ஓரத்தில் நிற்கும் கார்னர்காரர் பிடித்துவிடுகிறார். பாதம் பிடியில் நிற்க, உடம்பு மட்டும் நடுக்கோட்டை நோக்கித் திரும்புகிறது. பாதம் உள்பக்கமாக மடிகிறது. வெளிக் கணுவுக்குச் சற்று முன்னால் ‘சடக்’. அடுத்த நொடியே யாராவது சொல்வார்: “நரம்பு பெசகிருச்சு கண்ணு, வழிச்சுட்டாச் செரியாப் போயிரும்.”

இதைக் கேட்காத ஆட்டக்காரர் பல்லடம், பெருந்துறைப் பக்கம் குறைவு. நரம்பு, பிசகு என்ற இரண்டு சொல்லுமே இந்த இடத்துக்குப் பொருந்தாதவை. அதனால்தான் வைத்தியமும் தப்பாகிறது.

சுளுக்கு நல்ல தமிழ்ச் சொல். ‘உளுக்கு’ என்ற வடிவமும் அகராதிகளில் உண்டு. பாலக்காடு தாண்டினால் மலையாளத்தில் அன்றாடச் சொல்லே உளுக்குதான். திம்பம் மலையேறிச் சாமராஜநகர் போனால் கன்னடத்தில் உளுகு. ஆங்கிலத்தில் ‘ஸ்ப்ரெயின்’ என்பதற்கு வேறு சொல் தேட வேண்டியதே இல்லை.

எலும்பையும் எலும்பையும் கட்டிப்போடும் நார்தான் லிகமென்ட். அது அளவுக்கு மீறி இழுபட்டாலோ கிழிந்தாலோ சுளுக்கு. லிகமென்டைத் ‘தசைநார்’ என்று எழுதுவது பரவலான வழக்கம். அங்கே தசை ஏது? ‘மூட்டுநார்’ என்பதே பொருத்தம். தசையை எலும்போடு பிணைக்கும் டெண்டனுக்குத் ‘தசைநாண்’ அழகான சொல். வில்லின் நாண்போல அது எலும்பை இழுக்கிறது. தசையோ நாணோ கிழிந்தால் ‘ஸ்ட்ரெயின்’, தமிழில் தசைக்கிழிவு. இதைத் தசைப்பிடிப்பு என்று சொல்லக் கூடாது. கெண்டைக்கால் இறுகிச் சில நிமிடத்தில் விடுவதே பிடிப்பு. எலும்பு மூட்டைவிட்டு நழுவினால் மட்டும் பிசகு, அதாவது மூட்டு விலகல். தோல் உரிந்தால் சிராய்ப்பு. மண்போக ஓடும் தண்ணீரில் கழுவி, டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்ட காலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணுக்காலின் வெளிப்பக்கம் மூன்று மூட்டுநார்கள். முதலில் கிழிவது பெரும்பாலும் முன்னால் இருப்பது. கிழிந்த நாரிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் வேளையில் எண்ணெய் விட்டு நீவி வழித்தால் கசிவு கூடும், வீக்கம் முட்டையளவு புடைக்கும், பாதி கிழிந்தது முழுசாகவும் அறலாம். முதல் இரண்டு மூன்று நாள் வழிப்பது, சூடு வைப்பது இரண்டும் வேண்டாம். ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வைக்கலாம், வலி அடங்கும். கிரேப் பேண்டேஜை (இழுபடும் துணிக்கட்டு) விரல்களின் அடியிலிருந்து மேல்நோக்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடும்படி சுற்ற வேண்டும். விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே தளர்த்துங்கள். படுக்கையில் காலைத் தலையணைமேல் நெஞ்சுக்கு மேலாகத் தூக்கி வையுங்கள்.

எலும்பு முறிவா என்று ஐயம் வந்தால், கனடாவின் ஒட்டாவாவில் 1992-இல் வகுத்த விதி கைகொடுக்கும். நான்கு காலடி எடுத்து வைக்க முடியவில்லையா? இரு கணு எலும்புகளின் பின்விளிம்பிலும் நுனியிலும், கீழ் 6 செ.மீ.க்குள், எலும்பையே அழுத்தினால் வலிக்கிறதா? சுண்டுவிரல் பக்கப் பாத ஓரத்தின் நடுவில் புடைத்த எலும்போ, உள்பக்க நடுப்பாத எலும்போ அழுத்தினால் வலிக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் எக்ஸ்ரே எடுங்கள். முறிந்த எலும்பை வழித்தால் துண்டு விலகிவிடலாம்.

லேசான சுளுக்கு ஒன்று முதல் மூன்று வாரத்தில் ஆறும். நார் முழுசாக அறுந்தால் மாதக்கணக்கு. வீக்கம் வடிந்த கையோடு களத்தில் இறங்குபவருக்குத்தான் அதே கால் மறுபடி மறுபடி பெரளுகிறது. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வதும் அந்த நார்தான். அந்த உணர்வு வலியோடு சேர்ந்து தானாகத் திரும்பிவிடாது. அடிபட்ட காலில் மட்டும் 30 விநாடி நின்று பழகுங்கள், முதலில் சுவரருகே, பிறகு கண்ணை மூடி. ஆடாமல் நின்ற பிறகு ஓட்டம், அதற்கும் பிறகே ரெய்டு.