பெருக்கி: ஒரு வேலை எத்தனை வேலையாகும்?

காற்றாலை, சூரிய மின் திட்டங்களின் அறிக்கைகளில் ‘மல்டிப்ளையர்’ என்ற சொல் தவறாமல் வரும். “நேரடியாக 100 பேருக்கு வேலை, மல்டிப்ளையரோடு சேர்த்தால் 250” என்கிற மாதிரி. தமிழில் இது பெருக்கி. உயர்தரத்தில் பொருளியல் படித்தவர்களுக்குப் பழகிய சொல்தான்.

ஆங்கிலச் சொல்லுக்கு வேர் லத்தீன். மல்டி என்றால் பல, பிளிகாரே என்றால் மடித்தல். நாமும் இருமடங்கு, மும்மடங்கு என்னும்போது மடிப்பைத்தான் எண்ணுகிறோம். ஆனால் மடங்கு என்பது அளவை மட்டுமே சொல்லும், பெருகச் செய்வதைச் சொல்லாது. பெருகு, பெருக்கு, பெருக்கி என்று ஒலிபெருக்கி வழியில் வந்த சொல்லே இங்கே பொருத்தம். வீடு பெருக்குவது நினைவுக்கு வந்தால் வரட்டும்.

பொருளியலில் இந்தக் கருத்து பிறந்ததே வேலைக் கணக்கிலிருந்துதான். பிரித்தானியாவில் வேலையின்மை கடுமையாக இருந்த 1931இல், அரசு பொது வேலைகளுக்குப் பணம் போட்டால் அதைத் தொடர்ந்து வேறு எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று பொருளியலாளர் ரிச்சர்ட் கான் கணக்கிட்டார். 1936இல் இன்னொரு பொருளியலாளரான கெய்ன்ஸ் அதையே முதலீட்டுக்கும் விரித்தார்.

சரி, இது எப்படி வேலை செய்கிறது? மன்னாரில் கோபுரத்துக்கு அத்திவாரம் போடுபவருடையது நேரடி வேலை. அதற்குச் சீமெந்தும் கல்லும் ஏற்றிவரும் லொறிக்காரருடையது மறைமுக வேலை. இருவரும் சம்பளத்தை உள்ளூர்க் கடையில் செலவழிக்க, அங்கே கூடும் வேலை தூண்டப்பட்ட வேலை. கையில் வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 40 வீதம் திரும்பவும் உள்நாட்டிலேயே செலவானால் பெருக்கி ஏறக்குறைய 1.67. அதாவது, போட்ட ஒரு ரூபாய் சுற்றிச் சுற்றி மொத்தம் 1.67 ரூபாயாகப் பெருகும். அது 20 வீதமானால் 1.25தான். மிச்சமெல்லாம் கசிவு: சேமிப்பு, வரி, எல்லாவற்றுக்கும் மேலாக இறக்குமதி.

நமக்குச் சிக்கல் வருவது இந்த இறக்குமதியில்தான். மன்னாரில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பண்ணையில் நிற்கும் 30 காற்றாலைகளும் டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனத்துடையவை. மொத்தம் 103.5 மெகாவாட். இயந்திரத்துக்கான பணம் உள்ளூரில் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாமல் போய்விடுகிறது. ஆகவே காற்றாலையைத் தானே செய்யும் நாட்டின் பெருக்கியை எடுத்து இங்கே போட்டால், கணக்கு கொழுத்துவிடும். வெள்ளவத்தை மாடிவீட்டுக் கூரையில் பொருத்தும் சூரியத் தகடும் இறக்குமதிதான் என்றாலும், சட்டம் அடிப்பது, வயரிங் பாஸின் கூலி எல்லாம் ஊரிலேயே நிற்கும்.

கூடவே வரும் இன்னொரு சொல் ‘ஜொப் இயர்’. ஆளாண்டு என்றால் போதும். 100 பேர் இரண்டு வருடம் கட்டுமானத்தில் நின்றால் 200 ஆளாண்டு. இதை “200 பேருக்கு வேலை” என்று எழுதுவது பிழை மட்டுமல்ல, சில இடங்களில் சாமர்த்தியமும்தான். கட்டி முடித்தபின் பராமரிப்புக்கு நிற்பவர்கள் கொஞ்சப் பேரே.

அப்புறம், மொத்தமா தேறியதா என்றும் பார்க்க வேண்டும். இந்தக் கணக்குக்கென்றே அமெரிக்காவில் உருவாக்கிய ஜெடி மாதிரியுரு தருவது மொத்த எண்ணிக்கை. எண்ணெயில் ஓடும் மின்நிலையத்தில் இல்லாமல் போகும் வேலைகளை அது கழிப்பதில்லை. கழித்த பிறகு வருவதுதான் தேறிய வேலை.